அந்தமானில் முதல் ஸ்கூபா டைவ்: டிக்கெட் போடும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

ஸ்கூபா டைவ் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் மூழ்குவது) கற்க முதல் முறை அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனபோது நான் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. விமானம், ஃபெர்ரி, அறை, கோர்ஸுக்கு முன்பணம் என எல்லாம் கட்டி, திருச்சியிலிருந்து சென்னை வழியாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு வகுப்பு. முந்தைய மாலை டைவ் சென்டரில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதாவது இப்போது சாப்பிடுகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. எனக்குத் தைராய்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் 50 மைக்ரோகிராம் மாத்திரை. ‘ஆம்’ என்று குறித்தேன். மருத்துவர் கையெழுத்து இல்லாமல் உங்களை இறக்க முடியாது என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

எங்கள் குடும்ப மருத்துவரை அழைத்தேன். “நேர்ல பாக்காம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?” என்றார். அவர் சொன்னதும் சரி, இன்ஸ்ட்ரக்டர் சொன்னதும் சரி. பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜென்ட் மட்டும், “எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க மேடம், யாரு பாக்கப் போறா” என்றார். நான் போடவில்லை. இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த வருடம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே ஒழுங்கு செய்துகொண்டு போய் கோர்ஸை முடித்தேன். அந்த இரண்டு பயணங்களிலும் கற்றுக்கொண்டதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். ஹேவ்லாக் தீவின் அதிகாரப்பூர்வப் பெயர் இப்போது ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் இடம் அதுதான்.

1. ஒரு நாள் டைவா, முழுக் கோர்ஸா?

இரண்டும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் வகையை ‘டிஸ்கவர் ஸ்கூபா’, ‘டிரை டைவ்’ என்பார்கள். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆழமில்லாத தண்ணீரில் சிறிது நேரப் பயிற்சி, பிறகு இன்ஸ்ட்ரக்டர் உங்களைப் பிடித்தபடியே அழைத்துப் போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். தண்ணீருக்குள் அரை மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாக. எல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். ஹேவ்லாக்கில் பெரும்பாலும் இரண்டாம் எண் கடற்கரைப் பக்கமுள்ள நீமோ ரீஃபில் கரையிலிருந்தே நடந்து இறங்குவார்கள். முடிவில் பெயர் எழுதிய ஒரு தாள் தருவார்கள். அது நினைவுப் பரிசு மட்டுமே. அதைக் காட்டி வேறெங்கும் டைவ் செய்ய முடியாது.

இரண்டாவது ‘ஓப்பன் வாட்டர்’ கோர்ஸ். மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். பாடம், தேர்வு, ஆழமில்லாத நீரில் பயிற்சி, கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு டைவ் செய்யும் தகுதி அட்டை வரும். அது ஆயுள் முழுவதும் செல்லும், உலகம் முழுவதும் ஏற்பார்கள். பேடி, எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு அமைப்புகளின் கோர்ஸ்கள்தான் இங்கே அதிகம். எதில் சேர்வது என்று நான் ஒரு மாதம் குழம்பினேன், தேவையே இல்லை. ஒன்றின் அட்டையை மற்றவர்கள் ஏற்கிறார்கள். குறைந்தபட்ச வயது 10. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றால் முதல் வகை போதும். மறுபடி போவோம் என்று மனதில் சின்ன ஆசை இருந்தாலும் கோர்ஸைச் செய்துவிடுங்கள். டிரை டைவில் உங்கள் பாதுகாப்பு முழுக்க இன்னொருவர் கையில் இருக்கிறது. கோர்ஸில் அதைப் பார்த்துக்கொள்ள நீங்களே கற்றுக்கொள்கிறீர்கள்.

2. மருத்துவப் படிவம்: முதல் வேலை இதுதான்

இரண்டு வகைக்குமே இந்தப் படிவம் உண்டு. இணையத்திலேயே கிடைக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன் இறக்கி நிரப்பிப் பாருங்கள்.

முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். பத்துக்கும் ‘இல்லை’ என்றால் வேலை முடிந்தது, நீங்கள் கையெழுத்திட்டால் போதும். 3, 5, 10 ஆகிய மூன்றில் எதற்காவது ‘ஆம்’ என்றால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றாவது, மிதமான உடற்பயிற்சிகூடச் சிரமமாக இருக்கிறதா என்பது. ஐந்தாவது, கடந்த 12 மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பது. பத்தாவது என்னை மாட்டிவிட்ட மருந்துக் கேள்வி. மற்ற கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் அதற்கென்று உள்ள கட்டத்துக்குப் போய், அங்கே கேட்டிருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் மருத்துவர் கையெழுத்து கட்டாயம். மூன்றாம் பக்கம் அவர் நிரப்புவதற்கு.

நம் வீடுகளில் சர்வசாதாரணமாக இருக்கும் விஷயங்கள்தான் இங்கே மாட்டுகின்றன. தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை, சின்ன வயதில் வந்துபோன வீசிங், சைனஸ், ஒற்றைத் தலைவலி. 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. புகைப்பழக்கம், கொலஸ்டிரால், இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளம் வயதில் வந்த மாரடைப்பு இதையெல்லாம் கேட்கும். ‘ஆம்’ என்றாலே டைவ் கூடாது என்று அர்த்தமில்லை. பலருக்கு மருத்துவர் பரிசோதித்து அனுமதி கொடுத்துவிடுவார். கர்ப்பமாக இருந்தால் மட்டும் வேண்டாம், தள்ளிப்போடுங்கள். மாதவிலக்கு நாள்களில் தாராளமாக இறங்கலாம். இதைக் கேட்கத் தயங்கியே பயணத்தை மாற்றிக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். ‘ஸ்கூபா டைவிங்குக்குத் தகுதியா’ என்று வாயால் கேட்டால் பலரும் தயங்குவார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தால் அவர்களுக்கும் எளிது. வீசிங் இருந்தவர்கள் நுரையீரல் மருத்துவரிடமும், காதுப் பிரச்சினை உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் போங்கள். எனக்கு இரண்டாவது முறை சர்க்கரை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, ஆலோசனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நகல் எடுத்து, கைப்பேசியிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு வாங்குவது நல்லது. வேறு பரிசோதனை தேவை என்று அவர் சொன்னால் அதற்கும் நேரம் இருக்கும்.

பொய்யாக ‘இல்லை’ போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு நுரையீரலின் ஒரு மூலையில் காற்று அடைபட்டுக்கொண்டால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலையே கிழிக்கக்கூடும். கேள்விகள் இருப்பது அதற்காகத்தான்.

3. நீச்சல்

கோர்ஸுக்கு மட்டும் தேவை. நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். எந்த பாணியிலும் நீந்தலாம், நேரக் கணக்கு இல்லை. பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். 25 மீட்டர் குளம் என்றால் எட்டு நீளம். நான் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன், மூன்று மாதம் ஆயிற்று. பெண்களுக்கு தனி நேரம் ஒதுக்கும் குளங்கள் பல ஊர்களில் இருக்கின்றன, விசாரியுங்கள்.

இன்னொரு பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கோர்ஸில் பலரும் திணறுவது மாஸ்க்கை (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடிக் கவசம்) கழற்றிவிட்டு நீருக்குள் சுவாசிக்கும் இடத்தில்தான். மூக்கில் தண்ணீர் படும்போது வாயால் மட்டும் மூச்சு விட நமக்குப் பழக்கமில்லை. முன்னூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு ஸ்னார்க்கல் குழாய் வாங்குங்கள். குளியலறையில் அகலமான வாளி நிறையத் தண்ணீர் வைத்து, மாஸ்க் இல்லாமல், குழாயை வாயில் வைத்து முகத்தை முக்குங்கள். பக்கத்தில் வீட்டில் யாராவது இருக்கட்டும். முதல் நாள் எனக்கு மூன்று மூச்சுக்கு மேல் முடியவில்லை. மூக்கு தானாகவே இழுக்கும், புரையேறும். ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் அப்படியே இருக்க முடிந்தது. கடலுக்கடியில் இன்ஸ்ட்ரக்டர் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னபோது என் மனதில் வந்தது அந்த வாளிதான்.

4. நாள் கணக்கு

அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை டைவ் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அலை. அப்போது ஃபெர்ரியே ரத்தாகலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லாம் இரு மடங்கு விலை.

டைவ் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு, அங்கே அது குமிழிகளாகப் பிரிந்தால் ஆபத்து. ஒரே ஒரு டைவ் செய்தவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் அல்லது பல நாள் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. முழுதாக 24 மணி நேரம் விட்டுத் திட்டமிடுங்கள். ஃபெர்ரியில் போவதில் பிரச்சினை இல்லை.

ஆகவே, கோர்ஸுக்கு எட்டு நாள் ஒதுக்கச் சொல்வேன். முதல் நாள் சென்னையிலிருந்து போர்ட் பிளேர், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கேயே தங்குங்கள். இரண்டாம் நாள் காலை ஃபெர்ரி, மாலையில் படிவமும் உபகரண அளவும். மூன்றாம் நாள் ஆழமில்லாத நீரில் பயிற்சி. நான்காம், ஐந்தாம் நாள் இரண்டிரண்டு டைவ். ஆறாம் நாள் ஓய்வு நாள், கடல் மோசமாகி ஒரு நாள் போய்விட்டால் இதில் ஈடுகட்டலாம். ஏழாம் நாள் ஃபெர்ரி, எட்டாம் நாள் விமானம். ‘5 இரவு பேக்கேஜ், கோர்ஸும் உண்டு’ என்று விளம்பரம் பார்த்தால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

ஃபெர்ரிக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை வேண்டும். தனியார் ஃபெர்ரி ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். அரசுக் கப்பல் மலிவு, ஆனால் இடம் கிடைப்பது கடினம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் அந்தமானுக்கான பதிவு விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடங்களைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு ஊரிலேயே படித்து முடித்துவிடுங்கள். தீவில் இணையத்தை நம்ப வேண்டாம். தவிர, பகலெல்லாம் தண்ணீரில் இருந்துவிட்டு இரவில் ஐந்து அத்தியாயம் படிக்க உடம்பு ஒத்துழைக்காது.

5. சென்டரைத் தேர்வு செய்தல்

முன்பணம் கட்டுவதற்கு முன் நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். ஏஜென்ட் வழியாகப் போனால் யாரிடம் போய்ச் சேர்கிறோம் என்றே தெரியாது. நான் கேட்ட கேள்விகள் இவை:

இன்ஸ்ட்ரக்டர் பெயரும் அமைப்பு எண்ணும் என்ன? அந்த எண்ணை வைத்து அமைப்பின் இணையதளத்தில் அவர் தகுதி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? டிரை டைவுக்கு ஆளுக்கு ஒருவர் கேளுங்கள். கோர்ஸில் நான்கு பேருக்கு மேல் என்றால் நான் சேரமாட்டேன். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, யாருக்கு அதைக் கொடுக்கத் தெரியும்? ஏதாவது ஆனால் எங்கே கொண்டுபோவீர்கள்? உடம்பில் பிரிந்த நைட்ரஜன் குமிழிகளுக்கான அழுத்த அறை சிகிச்சை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில்தான், ஹேவ்லாக்கில் இல்லை. இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வருகிறதா என்று கவனியுங்கள். கடல் சரியில்லை என்று நீங்கள் ரத்து செய்தால் பணம் என்னாகும்? எனக்குக் காது அடைத்துப் பாதியில் நின்றால், மீதியை வேறு நாளில் முடிக்க முடியுமா?

தமிழ் பேசும் இன்ஸ்ட்ரக்டர் கேளுங்கள். அந்தமானில் தமிழர்கள் நிறைய இருப்பதால் கிடைக்க வாய்ப்பு உண்டு. பயம் வரும்போது தாய்மொழியில் ஒருவர் ‘ஒண்ணும் இல்ல, மெதுவா மூச்சு விடுங்க’ என்று சொல்வது பெரிய பலம்.

காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு, வீட்டிலுள்ள மருத்துவக் காப்பீடு பலவும் சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கும். உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது, கோர்ஸ் காலத்துக்கு அது உண்டா என்று சென்டரிலேயே கேளுங்கள்.

6. செலவு

சீசனுக்கு ஏற்ப மாறும், சுமாரான அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரை டைவ் 4,500 முதல் 7,500 ரூபாய் வரை; கரையிலிருந்து இறங்கினால் குறைவு, படகில் போனால் கூடுதல். ஓப்பன் வாட்டர் கோர்ஸ் 25,000 முதல் 35,000 வரை. சென்னையிலிருந்து விமானம் போக வர 10,000 முதல் 18,000. தனியார் ஃபெர்ரி ஒரு வழிக்கு 1,200 முதல் 2,000. அறை, சாப்பாடு தனி.

கோர்ஸ் விலை கேட்கும்போது பாடக் கட்டணம், அட்டைக் கட்டணம், ஜி.எஸ்.டி., உபகரண வாடகை எல்லாம் இதற்குள்ளா என்று தனித்தனியாகக் கேட்டு வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஊரில் எல்லோரையும்விட மூவாயிரம் குறைவாகச் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது ஒரு இன்ஸ்ட்ரக்டருக்குப் பல பேராக இருக்கும். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும், தீவில் ஏ.டி.எம். குறைவு.

உபகரணம் எதையும் வாங்க வேண்டாம். மாஸ்க் மட்டும் விதிவிலக்கு. முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் முழு அனுபவத்தையும் கெடுத்துவிடும். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மூக்கையும் மூடும் மாஸ்க்தான் வேண்டும், நீச்சல் கண்ணாடி கூடாது. கண்ணாடி அணிபவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் போடலாம்.

7. காது

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காது அடைக்குமே, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்குமே, அதேதான் இங்கேயும். ஒரு வித்தியாசம்: அந்த மலைப்பாதை முழுவதும் இரண்டு மணி நேரத்தில் ஏறும் அழுத்தம், தண்ணீரில் வெறும் இரண்டு மீட்டரில் வந்துவிடும். பத்து மீட்டரில் அழுத்தம் தரையைப்போல இரு மடங்கு.

மூக்கை மாஸ்க்குக்கு மேலாகவே இரு விரலால் பிடித்து, வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக ஊத வேண்டும். காதுக்குள் சின்னச் சத்தம் கேட்கும். வலி வந்த பிறகு ஊதுவது எல்லோரும் செய்யும் தவறு. தலை நீருக்குள் போன உடனே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை, வலிக்கிறதோ இல்லையோ செய்துகொண்டே இருங்கள். திறக்கவில்லையா, கையால் காதைக் காட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ‘பிரச்சினை’ என்று அர்த்தம். ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதவே கூடாது. செவிப்பறை கிழியும்.

கால் கீழாக, தலை மேலாக இறங்கினால் காது எளிதில் திறக்கும். நங்கூரக் கயிறு இருந்தால் அதைப் பிடித்தபடி இறங்கக் கேளுங்கள்.

சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது சைனஸுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். ஓய்வு நாள் ஒன்று வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஐஸ்கிரீமும் மழையில் நனைவதும் வேண்டாம் என்று என் அம்மா சொன்னதை நான் அப்படியே கேட்டேன்.

8. முந்தைய இரவும் காலையும்

மது கூடாது. நன்றாகத் தூங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உடம்பில் நீர் குறைந்தால் நைட்ரஜன் குமிழி நோய்க்கான ஆபத்து கூடும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வாழைப்பழம், பிரெட், இட்லி கிடைத்தால் இரண்டு. வெறும் வயிற்றில் போகாதீர்கள். படகில் குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும், ஆனால் பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள்.

தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள், மாஸ்க் வழுக்கும். முடியை இறுக்கப் பின்னுங்கள். மாஸ்க் ஓரத்தில் ஒரு இழை மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும். மீசை அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் மேலுதட்டில் கசியும், மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் நிற்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லை என்றால் வெட்சூட்டுக்குள் (உடலை ஒட்டிய டைவ் உடை) விட்டு ஜிப்பை மூடுங்கள், குழாய்களில் சிக்காது. தொங்கட்டான், வளையல், மோதிரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றுவிடும். முழுக்கை நீச்சல் உடையின் மேல் வெட்சூட் போட்டால் உடை பற்றிய கூச்சம் எதற்கும் இடமில்லை.

9. படகில்

இன்ஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் மாட்டித் தருவார். ஆனாலும் நீங்களே பாருங்கள். காற்றுப் பை ஊதுகிறதா, இறங்குகிறதா? எடைப் பட்டையின் கொக்கி எந்தக் கையால் இழுத்தால் அவிழும்? மற்றக் கொக்கிகள் எங்கே? சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அளவுமானியில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்கிறதா?

முக்கியமான சோதனை ஒன்று. ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாயில் வைத்து நான்கைந்து முறை ஆழமாக இழுங்கள், கண் அளவுமானியின் முள்ளிலேயே இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து மேலே எழுந்தால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, உடனே சொல்லுங்கள். எனக்கு மூன்றாவது டைவில் அப்படி ஆடியது. மேல்தளத்தில் மூச்சு தாராளமாக வந்தது, ஆழத்தில் போனால் வந்திருக்காது. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தாலும் அந்த சிலிண்டர் வேண்டாம். சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று, அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள். அதற்கு வாடை இருக்கக் கூடாது.

கைச் சைகைகளில் ஒரு பொறி. கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு ‘சூப்பர்’. தண்ணீருக்குள் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரலைக் காட்டினால் டைவ் அங்கேயே முடிந்துவிடும். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்து வட்டம். கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோல் காட்டினால் காற்று இல்லை.

10. தண்ணீருக்குள்

மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். பத்து மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்தபடி ஏறினால் அது போக வழியின்றி நுரையீரலைக் கிழிக்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்தேகூட இது நடக்கலாம், ஆகவே ஆழமில்லாத பயிற்சி இடத்திலும் இதே விதிதான்.

நீளமாக வெளியே விடுங்கள். பதறினால் காற்று வேகமாகத் தீரும். பத்து மீட்டரில் அமைதியாகச் சுவாசிக்கும் புதியவருக்கு ஒரு சிலிண்டர் சுமார் 40 நிமிடம் வரும். 100 பார் வந்ததும் இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டுங்கள், 50 பாரோடு நீரின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே பார்க்கப் பழகுங்கள்.

பயம் வந்தால் மேலே பாயாதீர்கள். அசையாமல் நின்று, மூன்று மூச்சு விட்டு, பிறகு சைகை காட்டுங்கள். எனக்கு இரண்டாவது டைவில் மாஸ்க்குக்குள் பாதி தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்ட்ரக்டர் என் இரண்டு தோள்களையும் பிடித்து, என் கண்ணையே பார்த்தபடி, தன் கையை நெஞ்சருகிலிருந்து மெதுவாக வெளியே நீட்டி நீட்டிக் காட்டினார், மூச்சை வெளியே விடு என்று. அவருடைய குமிழிகளின் வேகத்துக்கு என் குமிழிகள் வந்து சேர்ந்த பிறகுதான் மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினேன்.

மேலே வருவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். எதையும் தொடாதீர்கள். பவளமும் காயப்படும், கல்லைப்போலவே கிடக்கும் நச்சு மீனில் உங்கள் கையும் காயப்படும்.

11. மேலே வந்த பிறகு

டைவ் முடிந்த நேரத்தை எழுதி வையுங்கள், விமானக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. பதிவேட்டில் ஆழம், நேரம் எழுதி இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். அன்று கடுமையான உடற்பயிற்சி, மசாஜ், மது எதுவும் வேண்டாம்.

மூட்டு வலி, கைகால் மரத்துப்போதல், தோலில் தடிப்பு, தலைசுற்றல், காரணமில்லாத பெரும் சோர்வு இவற்றில் எது வந்தாலும் ‘அலுப்பு, தூங்கினால் சரியாகும்’ என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் டைவ் முடிந்து சில மணி நேரத்துக்குள் தெரியும். நடு இரவானாலும் சென்டரை எழுப்புங்கள். முதலுதவி சுத்தமான ஆக்சிஜன், பிறகு அழுத்த அறை. சென்டரின் எண்ணைத் தூங்கும் முன் கைப்பேசியில் முதல் எண்ணாகச் சேமியுங்கள், கூட வந்தவரிடமும் சொல்லிவையுங்கள்.

கரையில் பொறுக்கிய செத்த பவளத் துண்டையும் பெட்டியில் வைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்டது, போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்துப் பறிமுதல் செய்கிறார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் குழந்தையின் விளையாட்டுப் பையிலிருந்த நான்கு துண்டுகளால் விமானத்தைக் கிட்டத்தட்டத் தவறவிட்டது. பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பைகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.